ரசீது

ரசூல்பூர் ஆற்றங்கரையில்
பெட்ரோல் ஊற்றிக் கொளுத்தினார்கள்.
ஜப்பான்காரன் வந்தால் ஏறிவிடுவானாம்,
எங்கள் படகில்.

என் கடைசிப் பிள்ளைக்கும் அதற்கும் ஒரே வயது.
தார் பூசிய பக்கம் முதலில் பிடித்தது.

தாரோகா ரசீது கொடுத்தான்:
படகு ஒன்று. நீளம் பதினாறு முழம்.
பெற்றுக்கொண்டது சர்க்கார்.
நான்காக மடித்து அரிசிப் பானைக்குள் போட்டேன்.
பானையில் வேறெதுவும் இல்லை.

மழை தொடங்கும்வரை நிஷாகர் பேசவில்லை.
வலையைப் பிரித்தார், முடிந்தார்,
மறுபடி பிரித்தார்.

ஓர் இரவு கமலினி ஜானா வந்தாள்.
முந்தானைக்குள் துண்டறிக்கைகள், மை காயாமல்.
எல்லாவற்றிலும் பெரிதாக ஒரே சொல்: வெளியேறு.
"விடியுமுன் அக்கரை போய்ச் சேரணும்."

அவர் அரிவாளை எடுத்தார்.
கொல்லையில் ஐந்து வாழை சாய்ந்தது
எனக்கு மட்டும் கேட்டது.

திரும்பியபோது இடுப்புவரை சேறு,
கையெல்லாம் வாழைக்கறை.
இது போகாதே என்றேன்.
"தெப்பத்துக்கு ரசீது கேட்டானா?"
சிரித்தார். எத்தனை மாதம் கழித்து!

காலையில் தாரோகா வந்தான்.
குலை தள்ளாத மரத்தை
எவனாவது வெட்டுவானா?
தண்டு சமைத்தோம் என்றேன்.
நம்பாமல்
பானையைத் திறந்தான்.
அவன் கையெழுத்து இருந்தது.