இடம்புரி

செவத்தியான் என்று வீட்டில் மிஞ்சியது
தலை சிதைந்து பூத்த ஓர் உளி,
ஒரு போட்டோவில் பாதித் தோள்.
மீதித் தோளைச் சட்டம் போட்டவன்
வெட்டிவிட்டான்.

குன்னூர்க் கல்லறைத் தோட்டம்.
நேற்றிரவு காட்டெருது படுத்த புல்
இன்னும் நிமிரவில்லை.
லூர்து சித்தி குடை நுனியால் பாசி சுரண்டுகிறாள்.
“வெள்ளக்காரன் கல்லுல நம்மாளை எங்கடா தேடுற?”

பெயரில் இல்லை சித்தி, பிழையில்.
இங்கிலீஷ் தெரியாத மனிதர்,
தாளில் தந்ததைப் பார்த்துக் கொத்தியவர்.
ஜானில், மார்ட்டினில், ஹெலனில்
‘என்’ எழுத்து மட்டும்
இடம்புரிச் சங்காய்த் திரும்பி நிற்கிறது.
காய்ச்சலில் போன துரை,
பிரசவத்தில் போன துரைசானி,
இதுவரை பதினோரு கல்.

1898க்குப் பிறகு வந்த கற்களில்
எழுத்து நேராகிவிட்டது.
“செத்திருப்பாரு” என்றாள்.
தூறல் பிடித்தது. ஜீப்புக்கு நடந்தோம்.

வேலியோரம்
முழங்கால் உயரம்கூட இல்லாத ஒன்று.
ஆனி. ஏழு மாதம்.
அவள் பெயருக்குள் அடுத்தடுத்து இரண்டு ‘என்’.
முதலாவது தப்பு.
இரண்டாவது சரி.

யார் சொல்லியிருப்பார்கள், அதுவும் பாதி வேலையில்?
பக்கத்தில் நின்ற தகப்பனா?
கூலியில் பிடித்தார்களா?
கல்லுக்கு ரப்பர் கிடையாது.
முதல் எழுத்தை அப்படியே விட்டு
அடுத்ததற்கு உளியைத் திருப்பியிருக்கிறார்.

விரலை வைத்தேன்.
திரும்பி நிற்கும் ‘என்’னில்
மழை தேங்கியிருந்தது.

சித்தி குடையைச் சாய்த்துக் குனிந்து பார்த்தாள்.
“நம்மாளேதான்.
நீயும் எதை
மொதத் தடவையில பாஸ் பண்ணியிருக்க?”