சய நாற்பத்தெட்டு

தெமட்டகொடையிலிருந்து ஏழேகாலுக்கே
ஸவாஹிர் நானா கொண்டுவந்த பிளாஸ்கில்
ஐஸ்கட்டிக்கு நடுவே ஆட்டுக்குடல்.
கொழுப்பை உரித்து உரித்து
கொத்தமல்லித் தண்டளவு நாடி ஒன்றை எடுத்தேன்.
சுவரில் வளையமாய் மழமழப்பான தசை,
சொல்லிக் கேளாதது,
சொல்லாமலே இழுத்துப் பிடிப்பது.

கண்ணாடி ஊசியின் முனை கண்ணுக்குத் தெரியாது.
பத்தாவது முறை உள்ளே இறங்கிற்று.
கோடு சட்டென விழுந்து நின்றது:
சய நாற்பத்தெட்டு மில்லிவோற்று.

ஓய்வழுத்தம் என்று இதற்குப் பெயர்.
வைத்தவர் உள்ளே குடியிருந்து பார்த்திருக்க மாட்டார்.
உள்ளே பொற்றாசியத்துக்கு நெரிசல், வெளியே இடம்,
கால்வாய் திறந்திருக்கிறது,
போய்க்கொண்டே இருக்கிறது.
போகப் போக, துணையின்றி விடப்பட்ட மறையேற்றம்
சவ்வோரம் வந்து நின்று
போகாதே என்று இழுக்கிறது.
இரண்டு இழுவையும் ஏறக்குறையச் சமமாகிற இடத்தில்
ஒரு எண்.
அதைத்தான் கொப்பியில் எழுதுகிறேன்.

வெள்ளவத்தையில் எங்கள் மாடிக்கட்டடத்தில்
நாலு வீட்டுச் சாவி என்னிடம்.
ஸ்காபரோ, ஸ்காபரோ, ஹரோ, மெல்பேர்ண்.
தண்ணீர்ப் பில் நான்தான் கட்டுகிறேன்.
இதை இங்கே எழுதக்கூடாது.
அயன் அயன்தான்.

பதினொன்றரைக்கு நானா எட்டிப் பார்த்தார்.
சட்டைப்பையில் அவருடைய நெஞ்சுக் குளிசை, நிக்கோரண்டில்.
என் மேசைப் போத்தலிலும் அதே பெயர்.
"இது என்ன மிஸ் செய்யுது?"

தொட்டிக்குள் கொஞ்சம் விட்டேன்.
கோடு அவசரப்படாமல் இறங்கியது:
ஐம்பது. ஐம்பத்தைந்து. அறுபத்தொன்று.
இன்னும் சில கதவு திறக்கும் நானா,
இன்னும் கொஞ்சப் பேர் வெளியேறுவார்கள்,
உள்ளே ஆழம் கூடும்.
கல்சியத்தின் வாசல் சாத்திக்கொள்ளும்.
பிறகு தசை பிடியை விடும்.

அவர் நெஞ்சைத் தொடவில்லை,
நெற்றியைத் தொட்டார்.
"அப்ப தலைக்குள்ளயும் இதே வேலதான்.
அதான் இடிக்கிது.
மூணு வருஷமா ஒரு டொக்டரும் சொல்லல்ல."

பேர் என்று தவறிச் சொன்னதை
அவர் கவனித்ததாகத் தெரியவில்லை.

பன்னிரண்டு இருபதுக்குக் கரண்ட் போனது.
கின்சி வீதி முழுக்க ஜெனரேட்டர்கள் இரும,
எங்களுடையது மட்டும் கிளம்பவில்லை.
திரை கறுப்பு.
ஊசி இன்னும் உள்ளேதான்.
அங்கே பம்பி, யாரும் அளக்காமல்,
மூன்று சோடியத்தை வெளியே தள்ளி
இரண்டு பொற்றாசியத்தைத்
திரும்பக் கூட்டி வந்துகொண்டிருக்கும்.
செலவு அதிகம்தான்.
ஆனாலும் கூட்டி வரும்.