பெட்டி வாடகை

துபாய் என்றால் ஒரு ராத்திரி.
கொழும்பு என்றால் பெட்டியே வேண்டாம் என்பார்கள்,
நான்தான் வெயிலைக் காட்டுவேன்.
சிட்னிக்கு ஒன்றரை நாள்.
அமெரிக்கா என்று மட்டும் சொன்னால் பத்தாது,
எந்தக் கரை என்று கேட்பேன்.
வில்லாபுரத்தில் ப்ரீசர் பெட்டி வாடகைக்கு விடுகிறேன்.
பத்தாவதில் சமூக அறிவியல் முப்பத்தாறு மார்க்.

பந்தடி ஐந்தாவது தெருவிலிருந்து போன்.
துளசிராம், எழுபத்தொன்பது, தபால் ஆபீஸ் ரிட்டயர்ட்.
‘பையன் எட்மன்டன்ல இருக்கான்.’
எனக்குப் புது ஊர்.
எழுத்துக் கூட்டச் சொல்லி செல்லில் போட்டேன்:
பன்னிரண்டாயிரத்துத் தொள்ளாயிரம் கிலோமீட்டர்,
பதினாலு மணி நேரம் சொச்சம்.
கோடு அங்கிருந்து நேராக வடக்கே ஏறி
பூமியின் உச்சந்தலையை உரசி
மறுபக்கமாக நம் மேல் இறங்கியது.
அந்தக் கோட்டில் டிக்கெட் விற்பதில்லை.
‘மூணு நாள் வச்சுக்கங்க’ என்றேன்.

சந்துக்குள் பெட்டி திரும்பவில்லை.
நிமிர்த்திக் கொண்டுபோனோம்.
எதிரே வந்த டூவீலர்
ஒன்றும் சொல்லாமல் பின்னாலேயே போனது.

வெள்ளிக்கிழமை பிராங்பர்ட்டில் மூடுபனி.
இங்கே கரண்ட் போய் ஜெனரேட்டர் உறுமியது.
மகள் பிரேமலதா செல்லைவிட்டுக் கண்ணெடுக்கவில்லை.
சனிக்கிழமை ஒருவழியாகக் கிளம்பிவிட்டது.
‘கருங்கடல் மேல வர்றான்.’
‘அங்க தண்ணி கருப்பாவா இருக்கும்?’ என்றார் பக்கத்து வீட்டுக்காரர்.
யாரும் பதில் சொல்லவில்லை.
கண்ணாடி வியர்த்தது. துடைத்தேன்.
மறுபடி வியர்த்தது.

நடுராத்திரி சென்னை.
விடியும்வரை மதுரைக்கு விமானம் இல்லை.
கார் பிடித்துவிட்டான்.
உளுந்தூர்பேட்டை. திருச்சி. துவரங்குறிச்சி.
நானூற்று அறுபது கிலோமீட்டர்,
எனக்குப் புரிகிற தூரம் இங்கேதான் ஆரம்பம்.

கோவர்த்தனன் வந்தான்.
தடித்த ஜாக்கெட் கையில் தொங்கியது,
வாங்கி வைக்க யாருக்கும் தோன்றவில்லை.
‘எத்தனை மணிக்கு?’
‘வியாழக்கிழமை, விடியக்காலை மூணு’ என்றாள் பிரேமலதா.
விரல் மடக்கினான்.
பன்னிரண்டரையைக் கழித்தான்.
‘எனக்கு அப்ப புதன்கிழமை மதியம் ரெண்டரை.
மைக்ரோவேவ்ல சாப்பாட்டைச் சுட வச்சிட்டு
சுத்துறதைப் பாத்துட்டு நின்னேன்.’
திதி எந்த நாளுக்கு என்று யாரோ ஆரம்பிக்க,
‘உயிர் போன ஊர்க் கணக்குதான்’ என்றார் வாத்தியார்.
தலையாட்டினான்.
மடக்கிய விரல்கள் மட்டும்
நான் மூடியைத் திறக்கும்வரை விரியவில்லை.

எழுபத்து நாலு மணி நேரம்.
மூன்று நாள் என்று மட்டும் ரசீதில் எழுதினேன்,
இரண்டு மணி நேரத்துக்குக் காசு கேட்க வாய் வரவில்லை.

பெட்டியை வண்டியில் ஏற்றும்போது மறுபடி போன்.
அனுப்பானடி.
‘பொண்ணு சிங்கப்பூர்ல.’
நேர் விமானம், நாலேகால் மணி நேரம்,
இதற்குச் செல் எடுக்க வேண்டியதில்லை.
‘ஒரு நாள் போதும்க.’
கொஞ்ச நேரம் அந்தப் பக்கம் சத்தமே இல்லை.
‘அவளுக்கு லீவு கிடைக்கணுமே.’