முள் இல்லாத ஏற்பாடு

மூன்று கிழமையாய்த் தொட்டியில் வெறும் தண்ணீர்.
பாலையூற்றில் எங்கள் கிணறு அரை உவர்,
அதனால் பைப்தண்ணியைப் பிடித்து
இரண்டு நாள் வெயிலில் ஆறவிட்டேன்.
நீலப் பரலை நீளவாட்டில் பிளந்து
சல்லி நிரப்பி மேலே ஏற்றினேன்.
கம்பிக்கால் ஒட்டித்தந்தது ஒகஸ்டின் பார்த்தலோட்,
காசு வேண்டாம், முதல் தக்காளி போதும் என்றார்.

மீனுக்கு முன்னே
மீனின் கழிவு வந்துசேர வேண்டும்.
சிரிக்காதீர்கள்,
விடியற்புறம் ஒரு போத்தல்,
யாரும் பார்க்காமல், என்னுடையதே,
அளந்து ஊற்றினேன்.
கண்ணுக்குத் தெரியாதவை வந்து
சல்லியின் முதுகில் குடியேறும்வரை
சோதனைக் குழாயில் சொட்டுவிட்டுக்
குலுக்கிப் பார்த்து
பச்சை, இன்னும் பச்சை, இன்றைக்கும் பச்சை
என்று கொப்பியில் எழுதினேன்.
மஞ்சளான அன்று
கந்தோருக்குக் காய்ச்சல் என்று சொன்னேன்.

கந்தளாயில் நாற்பது குஞ்சுகள்.
காற்றடைத்த பொலித்தீன் பையை
மடியில் வைத்துக்கொண்டு பஸ்ஸில் வந்தேன்.
பக்கத்தில் இருந்த ஆமிக்காரப் பெடியன்
பையைப் பார்த்தான், என்னைப் பார்த்தான்.
"திலாப்பியா நேத?"
"ஓவ்."
முன்பு சாவடி இருந்த வளைவு அது.
பதினாறு வயதில் பையைத் திறந்து காட்டி
இறங்கி நடந்த இடம்.
பஸ் நிற்கவில்லை.
என் முழங்கால்கள் மட்டும்
தண்ணீர் ஆடாமல் இறுகிப் பிடித்திருந்தன.

வீட்டில் பையை அவிழ்க்காமல் மிதக்கவிட்டேன்,
இரண்டு தண்ணீரும் ஒரே சூட்டுக்கு வரட்டும் என்று.
அந்த நேரம் பார்த்து ஹோர்ன் அடித்து வந்தார் நசூர்தீன்.
பெட்டிக்குள் பாரை, சூரை, கண் மங்காத கீரி.
சைக்கிளைப் படலையில் சாய்த்து எட்டிப்பார்த்தவர்
"சுத்திவரக் கடல் கிடக்கு.
பரலுக்குள்ள என்ன மீன் தங்கச்சி,
விரல் நீளத்தில?"
பதில் வரவில்லை.
அரைக் கிலோ கீரி வாங்கினேன்.
நாற்பதும் பார்த்துக்கொண்டிருந்தன.

புழு வேறு கதை.
மாட்டெருக் கும்பியில் கிளறி எடுத்த
ஒரு கோப்பைச் சிவப்பு நூல் சிக்கல்.
உள்துறைமுகக் கல்லணையில்
அண்ணனின் தூண்டிலுக்கு
நான்தான் புழுக் கோத்துக் கொடுப்பேன்.
ஒரு முனை முள்ளில் ஏற
மறு முனை விரலைச் சுற்றும்.
அந்த விரல்களாலேயே இப்போது
கோப்பையைச் சல்லியின் மேல் சாய்த்தேன்.
வெளிச்சத்துக்கு முதுகு காட்டி
ஒவ்வொன்றாய் இருட்டுக்குள் வழிந்தன.
மேலே புழு, கீழே மீன்,
நடுவில் முள் இல்லை.
என் கைக்கு இது பழக்கமில்லாத ஏற்பாடு.

ஆனியில் கச்சான் காற்று
ஓலையொன்றைக் கரண்ட் கம்பியில் போட்டது.
பம்ப் நின்ற சத்தத்தில்தான் விழித்தேன்.
சட்டியில் மொண்டு, தலைக்குமேல் தூக்கி,
உயரத்தில் இருந்து ஊற்றி,
மறுபடி மொண்டு.
வாய்கள் மேலே வந்து
காற்றைக் கடித்துக்கொண்டிருந்தன.
நாலு மணிக்கு ஒகஸ்டின் மதிலேறி வந்தார்,
சரத்தை மடித்துக் கட்டிக்கொண்டு,
ஒன்றும் கேட்காமல்
மற்றச் சட்டியை எடுத்தார்.

ஒன்பது போயின.
எருக்கும்பியில் தாழ்த்தேன்.
கிழமை கழித்துக் கிளறியபோது
செதில்கள் சில, ஊசிபோல எலும்பு,
கொழுத்த புழுக்கள்.

நேற்று வடிகுழாயில் வழுக்கி
ஒரு புழு கீழே விழுந்தது.
விழுந்ததா என்றே தெரியவில்லை,
தண்ணீர் ஒரு தடவை புரண்டது,
அவ்வளவுதான்.

கொப்பியில் எழுதினேன்:
மீன் முப்பத்தொன்று.
புழு, எண்ணவில்லை.
தக்காளி, இன்னும் பூ.
மதிலுக்கு அங்காலிருந்து
அவர் தினமும் கேட்கிறார்.