மூன்று சுருள் மீன்

ஹட்டன் கடையில் முதலில் விரித்தது இலை.
கொத்துக் கொத்தாய்ப் பச்சை, சுருள் ஆயிரத்து எண்ணூறு.
பகலெல்லாம் இலை, படுத்தாலும் இலையா என்றேன்.
அடுத்தது மேகம்.
மஸ்கெலியாவில் கதவைத் திறந்து வைத்தால் போதும்,
காசு கேட்காமல் உள்ளே வரும் அது.
செங்கல் வேண்டவே வேண்டாம் என்றாள் திலகேஸ்வரி,
தூங்கும்போது இடிந்து விழும் போல இருக்குமாம்.

கடைசியில், தூசுக்குள் கிடந்தது மீன்.
யாரோ பிள்ளையின் அறைக்கென்று சொல்லி வைத்து
வாங்க வராமல் போன மூன்று சுருள்.
நீலத்தில் செம்மஞ்சள் மீன்,
எல்லாம் ஒரே பக்கம் பார்த்து.
பாதி விலை.

ஞாயிறு காலை கோதுமை மாவைக் கூழாய்க் காய்ச்சி,
கரப்பான் நக்காதிருக்க ஒரு கிள்ளு மயில்துத்தம்.
மேசைமேல் முக்காலி, முக்காலிமேல் நான்.
எனக்கு மேலே
மாமனார் அடித்து வைத்த தேயிலைப் பெட்டிப் பலகை,
அதில் கறுப்பு மையில் நிகர எடை, தலைகீழாய்.
பதினாறு வருசம் படுத்தபடி அதைத்தான் வாசித்தேன்,
தராசு பதினேழு காட்டி
எனக்கு அரைப் பேர் விழுந்த நாட்களிலும்.

குனிந்தே பழகிய கழுத்து.
நிமிரச் சொன்னால் பிடரி கோபிக்கிறது.
கூழ் கை வழியே இறங்கிக் கக்கத்தில் குளிர்ந்தது.
முதல் தாள் பாதியில் கழன்று
திலகேஸ்வரிக்கு முக்காடாய் விழுந்தது.
அதற்குப் பிறகு கொஞ்ச நேரம் வேலை நடக்கவில்லை,
சிரிப்பு அடங்கும் வரை.

சத்தம் கேட்டு எட்டிப் பார்த்த கணக்கப்பிள்ளை
கூரையில் கை வைக்கக் கூடாது, கம்பனிச் சொத்து என்றார்.
கூரையில் இல்லைங்க, கூரைக்குக் கீழே என்றேன்.
அதற்கு என்ன சட்டம் என்று அவருக்கும் தெரியவில்லை.
இஸ்தோப்பில் கொஞ்சம் நின்றார்,
மீனைப் பார்த்தார்,
போய்விட்டார்.
தகரம் கம்பனிக்கு.
பலகை செத்துப்போனவருக்கு.
பேப்பருக்கு ரசீது என் பேரில் இருக்கிறது.

மூலையில் ஒரு சாண் போதவில்லை.
அங்கே மட்டும் பழைய எடை:
ஒரு நாலும், ஒன்பதில் பாதியும்.

சித்திரைக்கு லீவில் வந்த சிவனேசன்
மல்லாந்து வெகு நேரம் பேசாமல் கிடந்தான்.
கொழும்பில் ஹோட்டல் சமையலறை, தினமும் மீன் கழுவுகிற கை.
"எல்லாம் வாசலைப் பார்த்தே போகுதே" என்றான்.
அப்படி வைத்துத்தான் ஒட்டினேன்
என்று சொல்லவில்லை.
தாள் அப்படி வந்தது என்றேன்.

ஆனியில் மழை பிடித்தது.
அடுப்புப் பக்கம் மூன்றாவது மீனின் வயிற்றில்
தேத்தண்ணி நிறத்தில் ஒரு வட்டம்.
கீழே வாளியை வைத்துவிட்டுப் படுத்தேன்.
விடியும்போது கண் வரைக்கும் வந்திருந்தது.

சம்பளத்தன்று ஹட்டனுக்குப் போனால் கேட்க வேண்டும்,
அதே மீன்
ஒரு முழம் வெட்டித் தருவானா என்று.