எடுகோள்கள்

இரண்டு நாடுகள்.
இரண்டே பண்டங்கள்.
பலகை ஈரமாயிருக்கிறது,
சாக்பீஸ் பிடிக்கவில்லை.
முதல் நாட்டை
இரண்டு முறை எழுத வேண்டியிருக்கிறது.

கோத்தகிரியில் ஐப்பசி.
குஞ்சப்பனைக்கு மேலே மண் சரிந்து
பாதை அடைத்துக் கிடப்பதால்
நாற்பத்திரண்டில் பதினேழு பேர்.
மணிக்கணக்குச் சம்பளக்காரிக்கு
பதினேழும் நாற்பத்திரண்டும் ஒன்றுதான்.

புத்தகம் துணி என்கிறது, ஒயின் என்கிறது.
துணியை அழித்துத் தேயிலை.
ஒயினை அழித்து உருளைக்கிழங்கு.
"ஆ நாடு கென்யாவா மேடம்?"
எதுவுமில்லை, சும்மா ஆ.
"கென்யான்னே போடுங்க,
எங்க கொழுந்து வெலை ஏன் எறங்குதுன்னு
அப்பவாவது தெரியட்டும்."

மூன்றாம் எடுகோள்:
போக்குவரத்துச் செலவு பூஜ்யம்.
வாக்கியம் முடியுமுன்
கடைசி பெஞ்சில் சிரிப்பு.
போஜராஜின் வீட்டுக் கேரட்
முப்பத்தாறு மூட்டை,
கழுவி ஏற்றியது,
நேற்று ராத்திரியிலிருந்து
சரிவுக்கு இந்தப் பக்கம் லாரியில் வியர்க்கிறது.
"நிக்கிற வாடகை கணக்குல வருமா மேடம்?"
வரும்.
மூன்றாம் செமஸ்டரில் வரும்.

பிறகு அட்டவணை.
அ நாடு தேயிலையிலும் மோசம்
உருளையிலும் மோசம்.
இரண்டு மோசத்தில் எது குறைந்த மோசமோ
அதைச் செய்து விற்கட்டும்,
இருவருக்கும் ஆதாயம்.
வகுத்துக் காட்டினேன்.
ஒரு கையாவது ஒப்புக்கொண்டு தலைக்கு மேல் போனது.
இந்த இடம் எனக்குப் பிடிக்கும்.
எதிலும் முதலாய் வராதவளுக்கும்
சந்தையில் ஓர் இடம் உண்டு என்று
கணக்கு வாய்விட்டுச் சொல்கிற இடம்.
ஆறு வருடமாய்
கௌரவ விரிவுரையாளராய் இருக்கிறேன்.

நான்காம் எடுகோள்.
உழைப்பு
நாட்டுக்குள் தாராளமாக நகரும்.
நாடு விட்டு நாடு நகராது.

சுபோதினியின் பேனா நின்றது.
டேன்டீ லயத்திலிருந்து வருபவள்,
அடிக்கோல் வைத்துத் தலைப்பிடுபவள்,
இதுவரை எதையும் கேட்டதில்லை.
"ஏன் மேடம் நகராது?"
மாதிரியை எளிமையாக்க.
"எங்கப்பா நகர்ந்தாரே. நாலு வயசு.
தலைமன்னாருல ஏத்தி
ராமேஸ்வரத்துல எறக்கிவிட்டாங்க.
ரெண்டு நாடும் கையெழுத்துப் போட்டுச்சு மேடம்,
ஏழு பேர் இந்தப் பக்கம்னா
நாலு பேருக்கு அந்தப் பக்கம் குடியுரிமை.
ஏழுக்கு நாலு."
கொஞ்சம் யோசித்தாள்.
"அத வாணிப வீதம்னு சொல்லலாமா?"

ஜன்னலில் பனி
உள்ளே வரலாமா என்று கேட்காமல் வந்தது.
வாணிப வீதம் என்பது
ஏற்றுமதி விலைக்கும் இறக்குமதி விலைக்கும் உள்ள
என்று தொடங்கி,
எது ஏற்றுமதி, யாருக்கு, விலை என்ன,
எங்கேயோ தொலைந்தேன்.
அங்கே கொழுந்து பறித்த கைகளை
கொழுந்து பறிக்க இங்கே.
பண்டம் மாறவே இல்லை.
இப்படி ஒரு வாணிபத்துக்கு
என் அட்டவணையில் கட்டமில்லை.

அடுத்த வகுப்பில் பார்ப்போம், என்றேன்.
ஆசிரியர்கள் அப்படித்தான் சொல்வோம்.
போஜராஜின் போன் அதிர்ந்தது;
ஒரு வழி திறந்துவிட்டார்களாம்.
அனுமதி கேட்டுக்கொண்டே
பாதி தூரம் ஓடிவிட்டான்.
பலகை ஓரம் நான் எழுதிய 7 : 4
ஈரத்தில் மெல்ல மெல்ல வெளுத்து
முன்னைவிடத் தெளிவாய்த் தெரிந்தது.
பதிவேட்டில் ஒரு மணி நேரம் எழுதிக் கையெழுத்திட்டேன்.

கார்த்திகையில் உள்மதிப்பீட்டுத் தேர்வு.
அது இரண்டு மதிப்பெண் வினா.
சுபோதினி நான்கையும்
வரிசை மாறாமல் எழுதியிருந்தாள்.
நான்காவதன் கீழே மட்டும்
பென்சிலில்,
அழிக்கச் சௌகரியமாய்:
'என்று வைத்துக்கொண்டால்.'

இரண்டுக்கு இரண்டு போட்டேன்.
பென்சிலுக்குப் போட
எனக்கு அதிகாரமில்லை.