சுத்து றோட்டு

கரடிப்போக்குச் சந்தியால போனா பத்து நிமிசம்.
நான் ஓட்டோவை வாய்க்கால் றோட்டால விடுறன்.
தவறணைக்கு முன்னால போகாத எண்டு
ஆரும் சொல்லேல்ல.

பின் சீற்றில தவநேசன்.
தங்கச்சி சுகிர்தா அறுத்துக் குடுத்த ஈரல் துண்டு
அவனுக்குள்ள வளருதாம்.
அவளுக்குள்ள மிச்சமும்.

எட்டுமணிக் குளிசைக்கு
அவன்ர போனும் அடிக்கும்,
என்ர போனும் அடிக்கும்.

"கள்ளு இறக்கத் துவங்கீட்டாங்கள் போல மச்சான்"
எண்டான், காத்தை மணந்து.
நான் கியரை மாத்தினன்.
கனதூரம் ஒண்டும் கதைக்கேல்ல.

நான் குடியை விட்டதெண்டு இல்லை.
அவனிட்டப் போற நாளில மட்டும்
தொடுறேல்ல.

கிளினிக் மாசத்துக்கு ஒருக்கா.
நான் இப்ப
ஒவ்வொரு நாளும் போறன்.